எண்ணூற்றுப் பதினான்காம் கட்லெட்

சோயாவுக்கும் மாமனாருக்கும் நடக்கும் போரில் போன வாரம் சமையலறை வீழ்ந்ததைப் பார்த்தோம்.

குடியிருப்போர் சங்கத்தின் நிரந்தரச் செயலாளர் அவர். தேர்தலில் அவரை எதிர்த்து யாரும் நிற்பதில்லை. நின்றால் அவர் பிரசாரம் செய்வார் என்ற பயம்தான். "சோயா என்னும் சதி" என்ற தலைப்பில் சங்கத்தில் பொழிந்துவிட்டு, அந்தச் சூடு ஆறுவதற்குள் வீட்டுக்கு வந்து, சோயா பால், சோயா சாஸ், சோயா உருண்டை எல்லாவற்றையும் வாரி வாசலில் வைத்தார். உரையைக் கேட்டுக் கை தட்டிய பக்கத்து வீட்டுக்காரரே அவற்றைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனார்.

இதில் ஒரு சின்னச் சங்கடம் இருந்தது. வீட்டின் மருமகள் வேலை பார்ப்பது உறைய வைத்த உணவுகள் தயாரிக்கும் தொழிற்சாலையில், ருசி பார்க்கும் பிரிவில். பாதி கோழியும் பாதி சோயாவுமாக அவள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டி உருவாக்கிய கட்லெட் அன்றைக்குத்தான் முதன்முதலாக வெளியாட்களின் வாய்க்குப் போகிறது. தேறிவிட்டால் புதிய உணவுப் பிரிவுக்கு அவள்தான் தலைவி. கதவில் பெயர்ப் பலகை உண்டு என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார்.

வெளியாட்கள் என்றால் வேறு யாருமில்லை. அன்று தொழிற்சாலையில் குடும்ப நாள். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று முதலாளி அடிக்கடி சொல்வார். பெரும்பாலும் யாராவது சம்பள உயர்வு பற்றிக் கேட்கும்போது. அந்தக் குடும்பத்தின் குடும்பங்களைக் கூப்பிட்டு, சுற்றிக் காட்டி, கட்லெட்டைக் கொடுத்துக் கருத்துக் கேட்பது ஏற்பாடு.

"நான் வர்றேன்" என்றார் மாமனார், காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி. "எதிரியோட கோட்டைக்குள்ள போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

"கட்லெட் ஓசியாக் கெடைக்கும்னு சொல்லுங்க" என்றார் மாமியார். பள்ளிச் சீருடை தைக்கும் கடை வைத்திருப்பவர். யாரையும் ஒரு பார்வையில் அளந்துவிடுவார். கணவரை அளந்து ரொம்ப காலம் ஆகிறது.

மகன் வரவில்லை. அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். இரண்டு மாடிகளுக்கு நடுவில் யாரோ மாட்டிக்கொண்டு கத்துகிறார்கள் என்று விடிந்ததுமே கூப்பிட்டுவிட்டார்கள். வீட்டிலும் அவன் நிலைமை கிட்டத்தட்ட அதுதான் என்பதால் சந்தோஷமாகக் கிளம்பிப் போனான்.

தொழிற்சாலை வாசலிலேயே மாமனாருக்கு முதல் அடி விழுந்தது. உள்ளே போகிறவர்கள் தலைக்கு வலைத்தொப்பி போட வேண்டும். மீசை இருந்தால் மீசைக்கும் ஒரு வலை.

"மீசைக்கா? இது என்ன கொசுவலையா?"

"சாப்பாட்டுல முடி விழக்கூடாது மாமா. எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்."

"விழற மீசை இல்லம்மா இது." ஆனாலும் கட்டிக்கொண்டார். சோயா சாப்பிட்டால் ஆண்களுக்கு மீசை உதிர்ந்துவிடும் என்று சங்கத்தில் முழங்கியவர், அதே சோயாவுக்கு முன்னால் மீசையை மூடிக்கொண்டு நின்ற காட்சியை மாமியார் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டார். எப்போதாவது உதவும்.

ருசிக் கூடம் நீளமான அறை. சுவரோரம் வரிசையாகத் தடுப்புகள்; ஒவ்வொன்றிலும் ஒரு நாற்காலி, தண்ணீர், ஒரு சின்ன ஜன்னல். விளக்குகள் எல்லாம் சிவப்பு. அந்த வெளிச்சத்தில் எந்தப் பண்டத்தின் நிறமும் தெரியாது. கண் முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிடாமல் நாக்கை மட்டும் பேச வைக்கும் ஏற்பாடு. நாக்கு மட்டும் பேசுவது என்றால் மாமனாருக்குப் புதிதாக எதுவும் பழக வேண்டியதில்லை.

மருமகள் எல்லோரையும் வெளி வராந்தாவில் உட்காரவைத்துச் சொன்னாள்: "ரெண்டு கட்லெட் வரும். ஒன்னு முழுக் கோழி. இன்னொன்னு பாதி கோழி, பாதி சோயா. சோயா ஒத்துக்காதவங்க யாராவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க, நீங்க சாப்பிட வேண்டாம். மத்தவங்க ரெண்டையும் சாப்பிட்டு எது பிடிச்சுதுன்னு எழுதிக் குடுங்க. எது எதுன்னு நான் சொல்லமாட்டேன். தட்டுல நம்பர் மட்டும்தான் இருக்கும்."

ஒரு அம்மா கையைத் தூக்கினார். அவருக்கு சோயா ஆகாது. அவருக்குப் பழச்சாறு கொடுத்துத் தனியாக உட்கார வைத்தார்கள். மருமகள் உள்ளே போனாள்.

ஜன்னல்கள் வழியே தட்டுகள் தயாராவது வராந்தாவிலிருந்து தெரிந்தது. ஒவ்வொரு தட்டிலும் இரண்டு கட்லெட். ஒன்றின் கீழே 814. மற்றதன் கீழே 236.

மாமனார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலுக்குச் சங்கத்தில் ஆட்கள் வீட்டுக்குக் கிளம்பச் செருப்பைத் தேட ஆரம்பிப்பார்கள். இங்கே விவரம் தெரியாதவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கவனிச்சீங்களா? எண்ணூத்திப் பதினாலு. இருநூத்தி முப்பத்தாறு."

"ஆமாங்க" என்றார் பக்கத்தில் இருந்த மெஷின் ஆபரேட்டரின் மனைவி. "நம்பர்."

"நம்பர் இல்லம்மா. பெட்டி விலை." குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தினால் கடைசி நாற்காலிக்கு மட்டும் கொஞ்சம் மங்கலாகக் கேட்கும். "கோழி என்ன விலை விக்குது? எண்ணூத்திப் பதினாலுதான் அசல் கோழி. அந்த இருநூத்தி முப்பத்தாறு இருக்கே, அதுலதான் சோயாவக் கலந்து தள்ளிவிடுறாங்க. சொல்லிட்டேன். அப்புறம் உங்க இஷ்டம்."

"சார் யாருங்க?"

"சங்கச் செயலாளர்" என்றார் அவர், உலகத்தில் ஒரே ஒரு சங்கம் இருப்பதுபோல.

வராந்தாவில் மரியாதை பரவியது. மாமியார் மட்டும் கைப்பையிலிருந்து வேர்க்கடலையை எடுத்துக் கொறித்துக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சிவப்பு விளக்கின் கீழே மாமனார் 814-ஐக் கடித்தார், கண்ணை மூடினார், "இதுதான்டா கோழி!" என்று தடுப்புக்கு மேலே எழும்பும்படி சொன்னார். 236-ஐக் கடித்தார், முகத்தைச் சுளித்தார், "வாய்க்குள்ள அட்டைப்பெட்டி" என்றார். ஜன்னல் வழியே கையை நீட்டி இன்னும் இரண்டு 814 கேட்டார். கொடுத்தார்கள்.

முதல் சுற்று முடிவு வந்தபோது முதலாளி எழுந்து நின்றே விட்டார். ஏறத்தாழ எல்லோரும் 814. எதிர்த்து விழுந்தது ஒரே ஒரு ஓட்டு.

814 என்பது மருமகளின் சோயா கட்லெட்.

"கோழியையே அடிச்சிட்டீங்களே!" முதலாளி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நான் எப்பவும் சொல்லுவேன் இல்ல, எனக்கு ஒரு தொலைநோக்கு உண்டுன்னு?" போன மாதம் வரை இந்தக் கட்லெட்டை "அந்தப் புல்லு உருண்டை" என்று அழைத்தவர் அவர். "சாப்பாடு முடிஞ்சதும் மேடையில அறிவிக்கிறோம். பெட்டி மேல பெருசாப் போடறோம்: 'கோழியை வென்ற கட்லெட்! இதயத்துக்கு நண்பன்!' உங்க பேர்ப் பலகைக்கும் இன்னிக்கே சொல்லிடறேன்."

அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. சோயாவின் பச்சை வாடையைப் போக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். ஊறவைத்து, பிழிந்து, மறுபடி ஊறவைத்து, கடித்தால் ரப்பராகவும் இல்லாமல் மாவாகவும் இல்லாமல் வருவதற்கு எத்தனை பாத்திரங்களைக் கொட்டினாள்! கை கழுவப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

குழாயடியில் மெஷின் ஆபரேட்டரின் மனைவி நின்றிருந்தார்.

"மேடம், பிரமாதமா இருந்துச்சு. ஆனா ஒன்னு, கோவிச்சுக்காதீங்க. எண்ணூத்திப் பதினாலுன்னா ரொம்ப ஜாஸ்தி. நம்மள மாதிரி ஆளுங்க எப்படி வாங்கறது?"

"எண்ணூத்திப் பதினாலா?"

"விலைதான் மேடம். அந்தச் சங்கச் செயலாளர் சார்தான் முன்னாடியே வெவரமா எடுத்துச் சொன்னாரே. அதிக விலை கோழி, கம்மி விலை சோயான்னு. நல்ல வேளை சொன்னாரு. இல்லன்னா நான் அந்த இன்னொன்னு நல்லாருக்குன்னு எழுதியிருப்பேன். நமக்கு என்ன தெரியும் சொல்லுங்க."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த அம்மாதான் எட்டி மூடினார்.

மாமனார் வராந்தாவில், மீசை வலையைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, பல் குத்திக்கொண்டிருந்தார்.

"மாமா, வெளியில உக்காந்து என்ன சொன்னீங்க?"

"ஒன்னும் சொல்லலியே. பொதுவா ஒரு வழிகாட்டுதல்..."

"அது விலை இல்ல மாமா. நான் வாய்க்கு வந்தபடி போட்ட நம்பர். எது எதுன்னு யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதான் நம்பரே போடறது."

"சரி, அதனால என்னம்மா? கோழியத்தானே எல்லாரும்..."

"எண்ணூத்திப் பதினாலுதான் சோயா."

பல்குத்தி நின்றது. மாமனார் தன் வயிற்றைப் பார்த்தார். அதற்குள் இப்போது எதிரி, மூன்று கட்லெட் பலத்தோடு, சுகமாக உட்கார்ந்திருந்தான்.

"உங்க ஓட்டு எதுக்கு அத்தை?" என்று கேட்டாள் மருமகள்.

"இன்னொன்னுக்கு" என்றார் மாமியார். "ருசி எல்லாம் பாக்கல. இவர் ஒன்ன நல்லாருக்குன்னு கத்தினாரு. அப்ப இன்னொன்னுதான் நல்லாருக்கும்னு எழுதிட்டேன்."

ஆக, அந்தக் கூடத்தில் ஒரு நாக்குகூட வேலை செய்திருக்கவில்லை.

"அம்மாடி" என்றார் மாமனார். அவர் குரல் நிஜமாகவே தாழ்ந்திருந்தது. "ஜெயிச்சுதானே இருக்கு? நீ பேசாம இருந்தா யாருக்குத் தெரியப் போகுது? பேர்ப் பலகை வருதுல்ல?"

அவள் முதலாளியின் அறைப் பக்கம் திரும்பினாள்.

"விலையைச் சொல்லி எதை வேணும்னாலும் ஜெயிக்க வைக்கலாம் மாமா. என் கட்லெட்ட ஒருத்தருமே இன்னும் சாப்பிடல."

முதலாளியின் அறைக்கு அவள் போனாள். மாமனாரும் பின்னாலேயே போனார். கூப்பிடாத இடத்துக்குப் போவது அவருக்குப் பழக்கம். ஆனால் இந்த முறை வாசலோடு நின்றுகொண்டார்.

"சார், முதல் சுற்று செல்லாது. நம்பரை விலைன்னு நெனச்சுட்டாங்க."

"யாரு நெனச்சா?"

"யாருன்னா என்ன சார்? தப்பு என்னோடது. ஒவ்வொரு தட்டுக்கும் வேற வேற நம்பர் போட்டிருக்கணும். அவசரத்துல எல்லாத் தட்டுக்கும் அதே ரெண்டைப் போட்டுட்டேன். மத்தியானம் ரெண்டாவது ஷிஃப்ட்காரங்க வீட்டு ஆளுங்க வர்றாங்க. அவங்கள வெச்சு மறுபடி செஞ்சுடறேன்."

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். "ஜெயிச்ச மேட்ச்சை மறுபடி ஆடுவாங்களா யாராவது?"

"இது மேட்ச் இல்ல சார்."

"உங்க பதவி இதுல மாட்டியிருக்குன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

"உங்க தப்புன்னு நீங்களே சொல்றீங்க. அதையும் நான் ஞாபகம் வெச்சுக்குவேன்."

வாசலில் நின்றவர் வாயைத் திறந்தார். மூடினார். "யாரு நெனச்சா" என்ற கேள்விக்கு அவருடைய பெயரும் பதவியும் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சங்கத்துக்குத் தெரிந்தால்? மெஷின் ஆபரேட்டரின் மனைவிக்குத் தெரிந்தால்? கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே. அது அவர் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போனது.

மத்தியானச் சுற்றில் ஒவ்வொரு தட்டுக்கும் வேறு எண்கள். "இது விலை இல்ல, நம்ம பஸ் நம்பர் மாதிரி ஒரு நம்பர், அவ்வளவுதான்" என்று அவள் ஒவ்வொருவரிடமும் சொன்னாள். மாமனாரை வராந்தாவின் அந்தக் கோடியில், ஐஸ் அறைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, மாமியாரைக் காவலுக்குப் போட்டிருந்தாள். அவர் பேசவில்லை. காவலே தேவைப்படவில்லை என்பது மாமியாருக்குக் கவலையாக இருந்தது. "உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

முடிவு வந்தது. கோழி முன்னால். சோயா கட்லெட் பின்னால். ஆனால் ரொம்பப் பின்னால் இல்லை, எட்டிப் பிடிக்கிற தூரம்தான். பலர் ஒரே குறை சொல்லியிருந்தார்கள்: உப்பு அதிகம்.

மேடையில் முதலாளி பேசவேண்டிய உரை அவர் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. "நீங்களே சொல்லிக்கங்க" என்று மைக்கை அவளிடம் தள்ளினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். காலையில் வந்தவர்கள், மத்தியானம் வந்தவர்கள் எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள்.

"காலைல நடந்த சுற்று செல்லாது. நம்பர் போட்டதுல என் தப்பு. மத்தியான முடிவுதான் சரியானது. அதுல கோழிதான் முதல்."

கூடத்தில் ஒரு 'ச்சொ' கேட்டது.

"ச்சொ கொட்டாதீங்க. பாதி சோயா போட்டு, கோழிக்குப் பக்கத்துல போய் நின்னிருக்கு. எனக்கு இது போதும். உப்பைக் குறைச்சுட்டு மறுபடி வருவேன்."

கடைசி வரிசையிலிருந்து லாரி டிரைவர் ஒருவர் எழுந்தார். "மேடம், சோயா சாப்பிட்டா ஆம்பளைங்களுக்கு ஆகாதாமே? எங்க ஏரியாவுல ஒருத்தர் கூட்டம் போட்டுப் பேசினாரு."

மாமனார் முன்னால் இருந்தவரின் முதுகை ஆராயத் தொடங்கினார்.

"சாப்பாட்டு அளவுல சாப்பிட்டா ஆம்பளைங்களுக்கு ஒன்னும் ஆகலன்னுதான் ஆராய்ச்சியில சொல்றாங்க. அலர்ஜி இருக்கறவங்க தொடக்கூடாது. தைராய்டு மாத்திரை சாப்பிடறவங்க டாக்டரக் கேட்டுக்கங்க. மத்தபடி சோயா ஒரு நல்ல பயறு, நல்ல புரதம். வேகவெச்சுச் சாப்பிட்டா இன்னும் நல்லது."

"அப்ப இந்தக் கட்லெட் உடம்புக்கு நல்லது. தினம் சாப்பிடலாம். அப்படித்தானே?"

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். 'இதயத்துக்கு நண்பன்' இங்கேதான் மேடை ஏற வேண்டும்.

"அப்படிச் சொல்லமாட்டேங்க" என்றாள் அவள். "நல்ல பயறு உள்ள இருக்குங்கறதால கட்லெட் மருந்தாயிடாது. இதுல எண்ணெய் இருக்கு, உப்பு இருக்கு. கெட்டுப்போகாம இருக்கவும் கையில உதிராம இருக்கவும் இன்னும் என்னென்னவோ சேக்கறோம். சமைக்க நேரமில்லாத அன்னிக்கு ஒரு நாள் சாப்பிடுங்க. மத்த நாள் அடுப்புல பயறு போடுங்க, காய் போடுங்க. சோயா மேல பழி போடவும் வேண்டாம், தலையில தூக்கி வெச்சு ஆடவும் வேண்டாம்."

டிரைவர் யோசித்தார். "இப்படிச் சொன்னா யாரு மேடம் வாங்குவாங்க?"

"நீங்க வாங்குவீங்களா?"

"நான் வாங்குவேன்" என்றார் அவர், தானே ஆச்சரியப்பட்டு.

கூடம் சிரித்தது. கை தட்டல் அங்கங்கே தொடங்கி, வேலையாட்கள் பக்கம் வந்ததும் பலத்தது. மாமியார் கைப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார். அதை மாமனார் கவனித்தார். தன் உரை எதற்கும் அந்தக் கைப்பை கீழே இறங்கியதில்லை.

முதலாளி தட்டவில்லை. எழுந்து, "கொஞ்சம் ரூமுக்கு வாங்க" என்று அவளிடம் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். அவள் மைக்கை மேஜையில் வைத்துவிட்டுப் பின்னால் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

கூடத்தில் முணுமுணுப்பு கிளம்பியது.

"பாவம், நல்ல பொண்ணு."

"இருந்தாலும் நம்பர் போடறதுல தப்புப் பண்ணலாமா? அதுதானே அவங்க வேலையே!"

கடைசியாகச் சொன்னவர் மெஷின் ஆபரேட்டரின் மனைவி. வன்மமாகச் சொல்லவில்லை. காலையில் கேட்ட பெரிய மனிதரின் பேச்சில் தப்பு இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். அது மாமனாரின் காதில் முள்ளாக ஏறியது.

அவர் எழுந்தார். மாமியார் சட்டென்று அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்தார்.

"எங்க போறீங்க? மைக்கைப் பாத்ததும் கை அரிக்குதா? இன்னிக்கு வேண்டாம்ங்க. அந்தப் புள்ள பட்டது போதும்."

"விடு."

"என்ன பேசப் போறீங்க?"

அவர் சொன்னார். காதோடு, இரண்டே வார்த்தை.

மாமியார் அவர் முகத்தைப் பார்த்தார். பிடித்திருந்த சட்டையை விட்டார். விட்டதோடு, கசங்கிய இடத்தைத் தடவி நேராக்கினார்.

மாமனார் மேடை ஏறி மைக்கைத் தட்டினார். "பெரியோர்களே, தாய்மார்களே, மதிப்புக்குரிய தொழிலாளத் தோழர்களே, இந்த நன்னாளில்..."

"விஷயத்துக்கு வாங்க!" என்றார் மாமியார் கீழிருந்து.

அவர் நிறுத்தினார். கழுத்தில் தொங்கிய மீசை வலையைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார்.

"காலைல நம்பரை விலைன்னு சொன்னது நான். சோயாவத் திட்டிக் கூட்டம் போட்டவனும் நான்தான். எது சோயான்னு எனக்குத் தெரியல. மூணு சாப்பிட்டேன், மூணும் சோயா. தப்பு எம்மேல. அந்தப் பொண்ணு உள்ள போய், யாரு பேரையும் சொல்லாம பழியத் தானே வாங்கிக்கிச்சு." மைக்கை வைக்கப் போனவர், மறுபடி வாய்க்கு அருகில் கொண்டுவந்தார். "அது எங்க வீட்டுப் பொண்ணு. என் மருமக."

அவர் வாழ்நாளில் பேசியதிலேயே மிகச் சிறிய உரை அது. கேட்டவர்கள் ஒருவர்கூட செருப்பைத் தேடவில்லை.

ஒலிபெருக்கிகள் தொழிற்சாலை முழுக்க மாட்டப்பட்டிருந்தன: வராந்தாவில், ஐஸ் அறையில், முதலாளியின் அறையிலும்கூட.

சாத்தியிருந்த கதவு திறந்தது. முதலில் வந்தவள் மருமகள். கண் கலங்கியிருந்தது; தலை நிமிர்ந்திருந்தது. உள்ளே என்ன நடந்தது என்பதை அந்த முகத்திலிருந்து மாமியாரால்கூட அளக்க முடியவில்லை.

அவளுக்குப் பின்னால் முதலாளி வந்து, மேடையில் நின்றவரை மேலும் கீழும் பார்த்தார்.

"பெரியவரே, அந்த மைக்கை வெச்சுட்டு நீங்களும் உள்ள வாங்க. அடுத்த சுற்றுக்கு உங்க மருமக ஒரு கண்டிஷன் போடுது. அதுல நீங்களும் இருக்கீங்க."